மதிலுக்குள் தண்ணீர்: தோலாவிரா

நேயர்களுக்கு வணக்கம். குஜராத்தின் கட்ச் பகுதியில், பெரிய ரண் என்னும் உப்புவெளிக்கு நடுவே காதிர் என்றொரு திட்டு. மழை பெய்தால் சுற்றிலும் உப்பு நீர், வெயில் ஏறினால் வெள்ளை உப்பு. அந்தத் திட்டில்தான் சிந்துவெளிக் காலத்து நகரமான தோலாவிரா இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் தொல்லியலாளர் ஜகத்பதி ஜோஷி கண்டறிந்தார். பிறகு ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை பல ஆண்டுகள் அகழ்ந்தது. 2021இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது.

போகிறவர்கள் பெரும்பாலும் வந்ததும் மேட்டில் ஏறிவிடுகிறார்கள். எதையும் அறியாமல் ஏறினால் கல் குவியல்தான் தெரியும். முதலில் தளத்தின் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். தொல்லியல் துறையின் தள அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதைப் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

சிந்துவெளி மக்களின் எடைக்கற்களைக் கவனியுங்கள். செர்ட் என்னும் கடினக் கல்லில் செதுக்கிய கனசதுரங்கள். சிறிய எடைகள் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும். இதில் 16 என்னும் எடை ஏறத்தாழ 13.7 கிராம். அடுத்தது துளைக்கருவி. சூதுபவளம் என்னும் செந்நிறக் கல் மணிகளில் நீளத் துளை போட எர்னஸ்டைட் என்று இன்று பெயரிட்டிருக்கும் கல்லில் மெல்லிய ஊசிபோலச் செய்தார்கள். நடுவில் சிறுத்து, முனையில் சற்றே அகன்றிருக்கும். ஏன்? முனை மட்டும் உராய வேண்டும். தண்டு துளையின் சுவரில் உராய்ந்தால் சூடேறி மணி விரிசல் விடும். இன்றைய பரிசோதனைகளில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டர்தான் இறங்கியது. இரு முனையிலிருந்தும் துளைப்பார்கள். கோடு தவறினால் நடுவில் இரண்டு துளைகளும் சேராது, பல நாள் உழைப்பு வீண்.

இனி வெளியே. நகரின் புற மதில் ஏறத்தாழ 771 மீட்டருக்கு 617 மீட்டர். நீளமும் அகலமும் 5:4 என்ற விகிதம். உள்ளே கோட்டை, நடு நகரம், கீழ் நகரம் என்று தனித்தனிப் பிரிவுகள். மற்ற பெரிய சிந்து நகரங்களில் செங்கல் அதிகம். இங்கே பக்கத்திலேயே கல் வெட்டியதால் கல்லும் மண் செங்கலும் கலந்து கட்டினார்கள். கோட்டை மதில் பல மீட்டர் கனம். இவ்வளவு கனம் படையைத் தடுக்க மட்டும்தானா? என் கணிப்பில், யார் எங்கே வாழ வேண்டும் என்று வகுப்பதும் வெள்ளத்தை ஒதுக்குவதும் இதன் பெரும்பணி.

தண்ணீரைப் பார்த்தால் இது விளங்கும். வடக்கே மன்சர், தெற்கே மன்ஹர் என்று இரு ஓடைகள். மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். நிலத்தடி நீரோ உப்பு. ஓடையில் சிறு அணை போட்டு, வரத்துக்கால் வழியே மதிலை ஒட்டிய நீர்த்தேக்கங்களுக்குத் திருப்பினார்கள். நகருக்குள் தரை ஏறத்தாழ 13 மீட்டர் இறங்குவதால் ஒரு தேக்கம் நிரம்பி அடுத்ததற்கு வழியும். கிழக்குத் தேக்கத்தின் நீளம் 73 மீட்டர், ஆழம் பத்து மீட்டருக்கு மேல்; சுமார் 30 படிகள் இறங்குகின்றன. தெற்கே பாறையையே வெட்டியிருக்கிறார்கள். வண்டல் சேர்ந்தால் கொள்ளளவு குறையும், கரை அரித்தால் நீர் போய்விடும். இரண்டையும் ஆண்டுதோறும் பார்க்க ஆள் வேண்டும். கோட்டைக் கிணற்றின் வாய்க்கல்லில் கயிறு அறுத்த தடங்கள் இன்னும் தெளிவு.

வடவாயிலை விட்டுவிடாதீர்கள். அங்கே ஓர் அறையில் பத்து எழுத்துகள் கிடந்தன. வெள்ளை ஜிப்சம் துண்டுகளால் ஆனவை, ஒவ்வொன்றும் 37 சென்டிமீட்டர் உயரம். மரப் பலகையில் பதித்திருந்தார்கள். பலகை விழுந்து மரம் மட்கியது, துண்டுகள் விழுந்த வரிசையிலேயே மண்ணில் தங்கிவிட்டன. ஆரக்கால் வட்டம் போன்ற ஒரே குறி நான்கு முறை வருகிறது. படிக்க இன்னும் யாராலும் முடியவில்லை.

நிழல் குறைவு. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், காலையிலேயே மேட்டுக்குப் போங்கள். சாய்ந்த வெயிலில்தான் மதிலின் கல் வரிசைகள் துலங்கும்.