பாட்டி கண்ணுக்குள் போர் விமானம்!

(திரையில்: சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு தாத்தாவின் பழைய புகைப்படம்)

உங்கள் பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறதா? அப்படியானால் அவர் கண்ணுக்குள் போர் விமானத்தின் ஒரு துண்டு இருக்கிறது! தலைப்புக்காகக் கொஞ்சம் ஏற்றிச் சொல்கிறேன், ஆனால் ரொம்பப் பெரிய பொய் இல்லை.

கண்ணின் லென்ஸ் மங்கிப்போவதுதான் கண்புரை. பாடம் முடிந்தது, விமானத்துக்குப் போவோம்.

1940 ஆகஸ்ட். பிரிட்டிஷ் விமானி கார்டன் கிளீவரின் ஹரிக்கேன் விமானத்தைக் குண்டு துளைக்கிறது. தலைக்கு மேலிருந்த, பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடி நொறுங்கி, சில்லுகள் கண்ணில் பாய்கின்றன.

காலில் ஒரு கருவேல முள் ஒடிந்து தங்கினால் என்ன ஆகும்? வீங்கும், சீழ் வைக்கும், ராத்திரித் தூக்கம் போகும். அழையா விருந்தாளியை உடம்பு அப்படித்தான் விரட்டும். ஆனால் இந்தச் சில்லுகள் ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குள் சும்மா கிடந்தன. உடம்பு கண்டுகொள்ளவே இல்லை!

அதைக் கவனித்தவர் லண்டன் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி. அந்தக் காலக் கண்புரை ஆபரேஷனில் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள். ஒருநாள் அந்த ஆபரேஷனைப் பார்த்த மாணவர் ஒருவர், "எடுத்த லென்ஸுக்குப் பதில் வேறு வைக்கவில்லையே?" என்று கேட்டாராம். விமானக் கண்ணாடி வகை பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்யச் சொன்னார் ரிட்லி. 1949 நவம்பர் 29, செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் முயற்சி.

இனிதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மனித லென்ஸின் வடிவத்தை அவர் கிட்டத்தட்ட அப்படியே காப்பியடித்தார். ஆனால் பிளாஸ்டிக் ஒளியை இன்னும் அதிகமாக வளைக்குமே! முதல் நோயாளிக்கு வந்தது பயங்கரக் கிட்டப்பார்வை. சோடாபுட்டியை ஒழிக்கப் போய், மறுபடி சோடாபுட்டி! (சிரிப்பு) சரி, அடுத்தடுத்த லென்ஸ்களில் அதைத் திருத்திக்கொண்டார்.

அப்புறம் பல வருடம் சக டாக்டர்களின் எதிர்ப்பு. தாங்கினார் மனுஷன். முதுமையில் அவருக்கே கண்புரை வந்தபோது, அதே மருத்துவமனையில் செயற்கை லென்ஸ் வைத்துக்கொண்டார்.

நம்மூர்க் கதை இல்லாமலா? இறக்குமதி லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில், 1992இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி, லென்ஸைத் தானே குறைந்த விலையில் தயாரித்தது.

இப்போது பாட்டியிடம் ஓடிப் போய், கண்ணில் வைத்தது மடித்து உள்ளே நுழைக்கும் லென்ஸா, மடங்காததா என்று கேட்டு, பதிலைக் கமெண்டில் போடுங்கள். அவர் உங்களைத் திட்டினால் அதையும் போடுங்கள்.