பகா எண்போல் தோன்றும் ஒரு பத்திலக்க எண்

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டில் தொடங்கி, வரும் விடையை அதே விடையால் பெருக்கிக்கொண்டே போங்கள்: 2, 4, 16, 256, 65536. ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் ஃபெர்மா இதைக் கவனித்து, இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்ணாகவே இருக்கும் என்று நம்பினார்.

அடுத்து வருவதுதான் நம் எண்: 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2, 3, 5, 7 என எந்தச் சிறிய பகா எண்ணால் வகுத்தாலும் மீதி நிற்கிறது. 1732-ல் ஆய்லர் என்ற கணித அறிஞர் இதன் காரணியைக் கண்டுபிடித்தார். 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கினால் சரியாக இந்த எண் வருகிறது.

பகா எண்களை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துக்கொண்டே போனால், 641-க்கு வந்து சேர 116 தடவை வகுக்க வேண்டும். ஆனால் ஆய்லரே பிறகு நிறுவிய ஒரு விதி இருக்கிறது: இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும், அது 64-ன் ஏதோ ஒரு மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். 65, 129, 321, 385, 513 பகா எண்கள் அல்ல, விட்டுவிடலாம். மிஞ்சுவது 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது வகுத்தலிலேயே வேலை முடிந்துவிடுகிறது! 116 எங்கே, 5 எங்கே? எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

சரி, இது எந்த வகை எண்? 641, 67,00,417 இரண்டுமே பகா எண்கள். ஆக இது இரண்டே பகா எண்களின் பெருக்கல். தன்னை விட்டுவிட்டு மற்ற வகுஎண்களைக் கூட்டினால் 67,01,059தான் வரும். தன் மதிப்புக்கு வெகுதூரம் கீழே. அதனால் குறை எண்.

இன்னொரு வகையும் உண்டு: போலிப் பகா எண். 2-ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். இது ஃபெர்மா கண்ட உண்மை. நம் எண் பகா எண்ணாக இல்லாமலேயே இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. அவர் இதைச் சோதித்திருந்தால் அவருடைய நம்பிக்கை இன்னும் கெட்டியாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே வரிசையில் இதற்கு அடுத்து வரும் 27 எண்களும் பகா எண்கள் அல்ல என்று தெரிந்துவிட்டது. அந்த முதல் ஐந்தைத் தவிர ஆறாவது பகா எண் ஒன்று உண்டா என்பது கணிதத்தில் இன்னும் விடை காணாத கேள்வி.

தாளில் போட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். 65536-ன் வர்க்கத்தோடு 1-ன் வர்க்கத்தைக் கூட்டினால் நம் எண் வரும். 62264, 20449 இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் இதே எண்தான். ஒரு பகா எண்ணை இப்படி இரண்டு விதமாக எழுதவே முடியாது. பெருக்கிப் பாருங்கள்.