ஆற்றங்கரையில் ஓர் ஏக்கர்

(ரங்கூன் கோவில் மண்டபத்தில் பொங்கல் விழாவில் பேசியது)

கோவில் அறங்காவலர் குழுத் தலைவர் ஐயா அவர்களே, செயலாளர் அவர்களே, காலையிலிருந்து நம்மோடு அமர்ந்திருக்கும் பக்கத்துப் புத்த மடத்துப் பெரிய துறவி சயாடோ அவர்களே, முன்வரிசையில் இருக்கும் நகரத்தார் பெரியவர்களே, மோல்மேனிலிருந்து ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வந்து சேர்ந்த தமிழ் வகுப்பு ஆசிரியர்களே, தட்டோன், பேகு ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, பின்கட்டில் இன்னும் பொங்கல் பானையைக் கிண்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"குடியேற்றமும் வேளாண்மையும் காட்டை எப்படித் தின்றன" என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று இடங்களைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று ஐராவதி டெல்டா. இரண்டாவது, கரேன் மலைகளின் தௌங்யா, அதாவது மலையில் எரித்து விதைக்கும் சாகுபடி. மூன்றாவது தெற்கே தனிந்தாரிப் பகுதியின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள்.

முதலில் டெல்டா. இன்று பானையில் பொங்கிய அரிசி அங்கிருந்துதான் வந்தது.

1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைப் பிடித்தபோது டெல்டாவில் பெரும்பகுதி காடும் கோரைப்புல்லும்தான். கனசோ மரம் அடர்ந்த காடு. வங்காளத்தில் இதே மரத்தைச் சுந்தரி என்பார்கள், சுந்தரவனத்துக்குப் பெயர் கொடுத்த மரம். அப்போது கீழ்ப்பர்மாவில் நெல் விளைந்த நிலம் 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930-களில் 80 லட்சம் ஏக்கருக்கு மேல். எண்பது வருஷத்தில் காட்டில் பெரும்பகுதி நெல்வயலாகிவிட்டது. உலகத்தில் அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு என்று பர்மாவுக்குப் பெயரும் வந்தது.

வெட்டியது யார்? பெரும்பாலும் மேல்பர்மாவின் வறண்ட பூமியிலிருந்து பிழைக்க வந்த பர்மியக் குடியானவர்கள். கூலிக்கு வந்தவர்கள் நம் தமிழர்களும் தெலுங்கர்களும். ஆனால் கத்தி பிடித்த கையை மட்டும் பார்த்தால் போதாது. காட்டைத் திருத்தினால் சில வருஷம் வரி கிடையாது என்றது அரசாங்கம். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது, அரிசி ஐரோப்பாவுக்குப் போகும் வழி சுருங்கியது, விலை ஏறியது. மாடு வாங்க, கூலி கொடுக்க, விதைநெல்லுக்குக் கடன் வேண்டும். அந்தக் கடன் ரங்கூன் முகல் தெருக் கிட்டங்கிகளிலிருந்து, அதாவது நகரத்தார் வட்டிக்கடைகளிலிருந்து, போனது. நகரத்தார் பெரியவர்கள் தப்பாக நினைக்க வேண்டாம். இந்த மண்டபம் போல எத்தனையோ மண்டபங்கள் அவர்கள் கைங்கரியம். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். 1930-இல் அரிசி விலை விழுந்ததும் கடன்பட்டவர்கள் நிலத்தை இழந்தார்கள். கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் வசம் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், 1938-இல் 25 சதவீதம். நிலம் போன குடியானவன் என்ன செய்வான்? இன்னும் கீழே, கடல் பக்கமாகப் போய் அடுத்த காட்டை வெட்டுவான்.

எங்கள் ஆயா அடிக்கடி சொல்வாள்: "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு." வெள்ளைக்காரன் வயலை அளந்தான், வரியை அளந்தான், மூட்டையை அளந்தான். விழுந்த மரத்தை எவனும் அளக்கவில்லை.

இந்த இடத்தில் என் தாத்தா கதையைச் சொல்லியாக வேண்டும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கப்பலேறியவர். டெல்டாவில் பியாப்போன் ஊருக்குக் கீழே ஓர் ஓடைக்கரையில் கொண்டுபோய் விட்டார்கள். கோடையில் வெட்டி, மழைக்கு முன்னால் கொளுத்த வேண்டும். வெட்டின பிறகும் அடிக்கட்டை சில வருஷம் மக்காமல் கிடக்கும், ஏர் ஓட்ட முடியாது. கட்டைக்கு நடுவே கையால் விதைப்பார்கள். கொசு, காய்ச்சல், கரை உடைத்து வரும் உப்புத்தண்ணீர். கூட வந்தவர்களில் பாதிப்பேர் ஊர் திரும்பவில்லை என்று ஆயா சொல்வாள்.

ஓடை வளைவில் ஒரு பெரிய கனசோ. அதில் கத்தி வைக்கத் தாத்தாவுக்கு மனசு வரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, "இது முனீஸ்வரன்" என்று சொல்லிவிட்டார். காலையில் நிலத்துக்காரர் வந்தார், மேல்பர்மாக்காரர். மேஸ்திரி நடுங்கிப்போய் நிற்கிறான். அவர் மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்தார், கையில் ஒரு தேங்காய், வாழைப்பழம். அவருக்கு அது நாட் தேவதை குடியிருக்கும் மரம்! அன்றிலிருந்து ஒரே மரத்துக்கு இரண்டு பூசை. வெள்ளிக்கிழமை எங்கள் கற்பூரம், பௌர்ணமிக்கு அவர் மெழுகுவத்தி. பின்னால் அந்த மனுஷனும் கடனில் நிலத்தை இழந்தார். அளக்க வந்த கணக்குப்பிள்ளையும் மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சங்கிலி பிடித்தாராம்.

அப்புறம் 2008 மே 2. நர்கிஸ் புயல். கடல் பன்னிரண்டு அடி உயரத்துக்கு எழுந்து டெல்டாவுக்குள் வந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர். இங்கே இருப்பவர்களில் யாரையும் இழக்காத குடும்பம் குறைவு. என் சித்தப்பா மகன் அந்த ஓடைக்கரையில்தான் இருந்தான். லுங்கிகளை முடிச்சுப் போட்டு, எட்டுப் பேர் விடியும்வரை அந்த மரத்தில் தங்களைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். எட்டுப் பேரும் இருக்கிறார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் வரப்பு வரைக்கும் வயல்தான், பிடித்துக்கொள்ள ஒரு மரமில்லை. அந்தப் பக்கத்தைப் பற்றி நான் மேடையில் பேசுவதில்லை.

இது பழைய காலத்தோடு முடிந்த கதையும் அல்ல. 1978-இல் டெல்டாவில் அலையாத்திக் காடு, கனசோ போல உப்புத்தண்ணீரைத் தாங்கும் மரங்களின் காடு, 2,623 சதுர கிலோமீட்டர் இருந்தது. 2011-இல் 938. ரங்கூன் அடுப்புக்கு விறகும் கரியும் ஒரு பங்கு எடுத்தன, மிச்சத்தில் பெரும்பகுதியை நெல்வயல் எடுத்துக்கொண்டது. போகலே பக்கம் மெயின்மலாச் சரணாலயத்தில் இன்னும் நல்ல காடு இருக்கிறது, முதலைகளும் இருக்கின்றன. பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

செயலாளர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். தௌங்யாவையும் எண்ணெய்ப்பனையையும் இன்னொரு நாள் பேசுகிறேன். கேட்க வந்ததை மட்டும் கேட்டுவிடுகிறேன்.

பியாப்போன் பக்கம் நம் கோவிலுக்கு நாலு ஏக்கர் ஓடைக்கரை நிலம் இருக்கிறது. அதை இறால் குட்டைக்குக் குத்தகை விடலாம் என்று பேச்சு நடக்கிறது. வருமானம் வேண்டியதுதான், அன்னதானம் நடக்க வேண்டும், தமிழ் வகுப்புக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். தலைவர் ஐயாவின் கஷ்டம் எனக்குத் தெரியும். மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு விடுங்கள். ஓடையை ஒட்டிய ஓர் ஏக்கரைக் கனசோவுக்குக் கொடுங்கள். நம் தாத்தாமார் கூலிக்காரர்கள், அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நாம் இன்று நிலத்துக்காரர்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றாளே ஆயா, அந்த ஓர் ஏக்கரை நானே வந்து சங்கிலி பிடித்து அளந்து தருகிறேன்.

கன்று வளர்க்க என் தம்பி ஒத்துக்கொண்டான். மடத்துப் பையன்களை நடவுக்கு அனுப்புவதாகச் சயாடோ இப்போதுதான் சொன்னார். அறங்காவலர் குழுவுக்கான விண்ணப்பம் வாசல் பந்தல்கால் பக்கத்து மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.