அடியில் ஓடும் இரண்டு வரி

நேயர்களுக்கு வணக்கம். ஊட்டி மார்க்கெட்டில் கேரட் வாங்க நின்றால் காதில் என்னென்ன விழுகிறது? தமிழ், படுகு, மலையாளம், கன்னடம், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் தமிழ், கொஞ்சம் தள்ளித் தோடர் பழங்குடியினரின் பேச்சு. இத்தனையும் கேட்கிறது, ஆனால் பாதி நமக்குப் புரிவதில்லை.

இப்படிப் பல மொழி பேசும் இன்னொரு ஊர் ஆஸ்திரேலியா. 1975-ல் அங்கே மெடிபேங்க் என்ற அரசு மருத்துவக் காப்பீடு வந்தபோது, ஆங்கிலம் தெரியாத குடியேறிகளுக்கு அதைப் புரியவைக்கவென்றே சிட்னியிலும் மெல்போர்னிலும் ஏழெட்டு மொழிகளில் சோதனை வானொலி திறந்தார்கள். தற்காலிகமாகத் தொடங்கியது நிற்கவே இல்லை. 1978-ல் எஸ்.பி.எஸ். என்ற பொது ஒலிபரப்பு நிறுவனமானது. 1980 அக்டோபர் 24, ஐ.நா. நாளன்று தொலைக்காட்சியும் வந்தது. இன்று 60-க்கும் மேற்பட்ட மொழிகளில் ஒலிபரப்புகிறது, தமிழிலும்தான்.

மெல்போர்னில் மகள் வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பாட்டி சாயங்காலம் வருவார். ஒருநாள் எஸ்.பி.எஸ்.ஸில் கிரேக்கப் படம். அவர் காதால் கேட்கிறார், நான் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படிக்கிறேன். வசனம் முடியும் முன்பே எழுத்து வந்துவிடுமே, அதனால் நான் முதலில் சிரிப்பேன், பாட்டி அப்புறம் சிரிப்பார். இரண்டு மூன்று தடவை ஆனதும் என் பக்கம் திரும்பிக் கிரேக்கத்தில் மளமளவென்று என்னவோ கேட்டார். எனக்கு அந்த மொழி தெரியும் என்றே நினைத்துவிட்டார்! மகனை வழியனுப்பும் காட்சியில் மட்டும் இரண்டு பேர் கண்ணும் ஒன்றாகவே கலங்கியது.

சப்டைட்டில், சப்டைட்டில் என்று நான் எங்கே போனாலும் பேசுவது இதனால்தான். அவரவர் மொழியில் அவரவருக்கு நிகழ்ச்சி என்பது பாதி வேலை. பக்கத்து வீட்டுக்காரரும் கூட உட்கார்ந்து பார்க்க முடிந்தால்தான் மீதியும் முடியும். எஸ்.பி.எஸ். அதற்கென்றே மொழிபெயர்ப்பாளர்களை வேலைக்கு வைத்தது. நம் மலையின் இன்னொரு பழங்குடியான கோத்தர் கிழவி ஒருவர் பானை வனைந்தபடி தம் மொழியில் கதை சொல்ல, அடியில் தமிழ் எழுத்து ஓடினால் குன்னூரில் இருக்கும் பிள்ளை அதைப் பார்க்காதா? நம் அரசுத் தொலைக்காட்சி இதைச் செய்யலாம், செய்யவேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். சரி, மீதியைச் சுருக்கிவிடுகிறேன். எஸ்.பி.எஸ்.ஸுக்குக் காசு பெரும்பகுதி அரசுடையது, கொஞ்சம் விளம்பரம். அந்த நாட்டுப் பழங்குடி மக்களின் அலைவரிசையான என்.ஐ.டி.வி.யும் 2012-லிருந்து எஸ்.பி.எஸ்.ஸோடுதான் இருக்கிறது. நீலகிரிக்கு மிக நெருக்கமான சேதி அது, விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். வணக்கம்.