மாலையைக் கழற்றாதவர்கள்

அன்பார்ந்த பெரியவர்களே, மைக் பின்வரிசை வரை கேட்கிறதா? சரி.

மண்டபத்துக்குள் நுழையும்போதே ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டார்: "சாமி கும்பிட்டா ஆயுசு கூடுமா, தம்பி?"

அமெரிக்காவில் இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வந்த ஓர் ஆய்வில், பைபாஸ் அறுவைக்கு வந்த 1802 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்காகப் பிரார்த்தனை நடந்தது, இரண்டாவதற்கு நடக்கவில்லை. யாருக்கு நடக்கிறது என்று இரு பிரிவுக்கும் தெரியாது. அறுவைக்குப் பின் சிக்கல் வந்தவர்கள் 52 சதவீதம், 51 சதவீதம். மூன்றாவது பிரிவிடம், "உங்களுக்காக வேண்டிக்கொள்கிறார்கள்" என்று சொல்லியே வைத்தார்கள். அதில் 59! அத்தனை பேர் வேண்டும் அளவுக்கா நம் உடம்பு இருக்கிறது என்று பயந்துவிட்டார்களோ என்னவோ.

அப்படியானால் பக்திக்கும் ஆயுளுக்கும் சம்பந்தமே இல்லையா? அவசரப்படாதீர்கள்.

கலிபோர்னியாவில் லோமா லிண்டா என்று ஓர் ஊர். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையார் நிறைந்த ஊர். அந்தச் சபையில் சிகரெட்டும் மதுவும் கூடாது. பலர் கறி, மீன் தொடுவதில்லை. அந்த மாநிலத்துச் சபையாரில் சுமார் 34,000 பேரை 1970-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். அங்குள்ள மற்ற வெள்ளையர்களைவிடச் சபையின் ஆண்கள் 7.3 ஆண்டும், பெண்கள் 4.4 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்தார்கள். அவர்களிலேயே பாதாம், அக்ரூட் போன்றவற்றை அடிக்கடி கொறித்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதும் தெரியவந்தது.

அப்போ ஆயுளைக் கூட்டியது பக்தியா, பாதாமா? நம் ஊரில் சபரிமலைக்கு மாலை போட்டவர் பீடியைத் தொடமாட்டார். மாலையைக் கழற்றிய மறுநாள் டீக்கடை வாசலில் பற்றவைப்பார். லோமா லிண்டாக்காரர்களுக்கு மாலையைக் கழற்றும் நாளே கிடையாது, அவ்வளவுதான். டாக்டர் சொன்ன பத்தியம் மூன்று மாதம் தாங்கினாலே பெரிசு. நம்பிக்கை சொன்ன பத்தியம் பிள்ளை, பேரன் வரை போகிறது.

அந்தச் சபையைச் சேர்ந்த இதய அறுவை மருத்துவர் எல்ஸ்வொர்த் வேர்ஹாம் 95 வயது வரை அறுவை அரங்கில் துணை நின்றார். 2018-இல், 104 வயதில் இறந்தார்.

சாப்பாடு மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி சூரியன் மறையும் வரை அவர்கள் வேலையைத் தொடமாட்டார்கள். ஆராதனை, கூடிச் சாப்பிடுவது, பேசிக்கொண்டே நடப்பது. இந்தக் கூடுவதில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, 74,534 அமெரிக்க நர்ஸுகளைப் பற்றியது. வாரத்தில் ஒருமுறைக்கு மேல் ஆராதனைக்குப் போனவர்களிடையே, போகாதவர்களைவிட மரணம் 33 சதவீதம் குறைவு. 'நோயாளி எப்படிக் கோயிலுக்குப் போவார்? போகிறவர் ஏற்கெனவே திடமானவர்தானே?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதனால்தான் இதய நோயும் புற்றுநோயும் இருந்தவர்களைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டார்கள். பலன் எதனால் என்று தேடியபோது, புகை பிடிக்காமல் இருப்பதும் மனிதத் துணை இருப்பதும் கிட்டத்தட்ட சமமாக நின்றன.

அதனால் அந்த அம்மாவிடம் பதில் சொல்லாமல், "கோயிலுக்கு யாரோடம்மா போவீங்க?" என்று கேட்டேன்.

"நாலு பேரா போவோம். இப்ப ரெண்டு பேர்தான்" என்றார்.