அரசு ஊழியர் ஃபேஸ்புக்ல எழுதலாமா?

[திரையில்: தோள்ல மாட்டற வாரோட ஒரு தடுப்பூசிப் பெட்டி]

இந்தப் பெட்டிக்குள்ள நாலு ஐஸ்பேக் இருக்கும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த உடனே அதை உள்ள வைக்கக் கூடாது. கொஞ்ச நேரம் வெளியே விட்டு, காதுகிட்ட வெச்சுக் குலுக்கிப் பாக்கணும். தண்ணி அலம்பற சத்தம் கேட்டாத்தான் வைக்கணும். இல்லேன்னா சில தடுப்பூசிகள் உறைஞ்சு வீணாயிடும்.

இதை எனக்குச் சொன்னது எங்க பெரியம்மா. கிராம சுகாதார செவிலியரா இருந்தவங்க. "இதெல்லாம் எழுதுங்க பெரியம்மா"ன்னு எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். "எழுதிட்டு மெமோ வாங்கவாடா?"ன்னு முடிச்சிடுவாங்க. செவன்டீன் பி, அதாவது பெரிய தண்டனைக்கு வழி வைக்கற குற்றச்சாட்டு மெமோ. அந்த வார்த்தை காதுல விழுந்தாலே போதும், அரசு ஊழியர் வீட்ல பேச்சு நின்னுடும்.

அப்படி விதியில என்னதான் இருக்கு?

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ஆம் வருஷத்து நடத்தை விதிகள். அதுல 9-ஆவது விதிதான் முக்கியம். அரசோட இப்போதைய கொள்கையையோ, சமீபத்திய கொள்கையையோ, நடவடிக்கையையோ பாதகமா விமர்சிக்கற எதையும் வெளியிடக் கூடாது. சொந்தப் பேர்ல மட்டுமில்ல, பேர் போடாம எழுதினாலும், புனைபெயர்ல எழுதினாலும், இன்னொருத்தர் பேர்ல எழுதினாலும் குத்தம்தான். அலுவலகத் தகவலை அனுமதியில்லாம வெளிய கொடுக்கறதுக்கு 11-ஆவது விதி தனியா இருக்கு.

புனைபெயர் காப்பாத்தும்னு நம்பறவங்க ஆஸ்திரேலியாவைப் பாக்கணும். அங்க குடியேற்றத் துறையில வேலை பாத்த ஒரு பெண், வேற பேர்ல ட்விட்டர்ல ஒன்பதாயிரத்துக்கும் மேல பதிவு போட்டாங்க. அதுல நிறைய, அவங்க துறையையே விமர்சிச்சது. ஆள் யாருன்னு தெரிஞ்சுது, 2013-ல வேலை போச்சு. 2019-ல அந்நாட்டோட உச்சபட்ச நீதிமன்றமும் அந்தப் பணிநீக்கம் செல்லும்னு சொல்லிடுச்சு.

இப்ப நம்ம நாட்டுக் கதை. எனக்கு மனசு ஆறாத கதை.

[திரையில்: ஏப்ரல் 2018, திரிபுரா]

மீன்வளத் துறையில ஒரு பெண் எழுத்தர். ரிட்டயர் ஆக சில நாள்தான் பாக்கி. அந்த நேரத்துல சஸ்பென்ஷன் ஆர்டர் வருது. ஒரு அரசியல் பேரணிக்குப் போனாங்க, ஃபேஸ்புக்ல ஒரு பதிவு போட்டாங்க, இதுதான் குற்றச்சாட்டு. வாழ்நாள் முழுக்க ஃபைல் பாத்த ஒரு அம்மாவுக்குக் கடைசி வாரத்துல கெடச்சது இது. ஓய்வுக்காலப் பலன்களும் முழுசா கைக்கு வரல.

அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2020 ஜனவரியில திரிபுரா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அகில் குரேஷி தீர்ப்பு சொன்னார். கூட்டத்துக்குப் போய் நிக்கறது வேற, அதுல பங்கெடுக்கறது வேறன்னார். அந்தப் பதிவுல எந்தக் கட்சிக்கும் பிரச்சாரம் இல்ல, பொதுவான கருத்துதான் இருக்குன்னார். அரசு ஊழியர்ங்கறதால பேச்சுரிமை பறிபோயிடாது, அதைக் கட்டுப்படுத்தணும்னா செல்லுபடியாகற சட்டம் வேணும்னார். குற்றச்சாட்டு ரத்தாச்சு. பலன்களையும் கொடுக்கச் சொல்லி உத்தரவு.

இதுக்கு அடித்தளம் பழசு. வேலையில சேர்ந்ததாலயே அடிப்படை உரிமை போயிடாதுன்னு 1962-லயே பீகார் வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

அதுக்காக விதி செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல. "இது என் சொந்தக் கருத்து"ன்னு ஒரு வரி போடணும்னு 8-ஆவது விதி கேக்குது. ஆனா அந்த ஒரு வரியைப் போட்டுட்டு அமைச்சரவை முடிவைத் திட்டினா, 9-ஆவது விதி விடாது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973 விதிகள் தனி. எதுக்கு முன்அனுமதி வாங்கணும், எதுக்கு வேண்டாம்னு எழுதறதுக்கு முன்னாடி அதைப் படிச்சிடுங்க. நோயாளி பேர், ஃபைல்ல இருக்கற விவரம், இதையெல்லாம் எந்த விதி இருந்தாலும் தொடாதீங்க.

ஆனா ஐஸ்பேக்கைக் காதுகிட்ட வெச்சுக் குலுக்கறது எந்தக் கொள்கைக்கு விமர்சனம்? பட்டாவுக்கு மனு எப்படி எழுதினா திரும்பி வராதுன்னு ஒரு வி.ஏ.ஓ. சொன்னா, யாருக்குப் பாதகம்? 9-ஆவது விதி தடுக்கறது கொஞ்சம். பயம் தடுத்து வெச்சிருக்கறது மலையளவு.

பெரியம்மா ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. போன ஞாயித்துக்கிழமை போனை ஆன் பண்ணி அவங்க முன்னால வெச்சேன். ரெண்டு மணி நேரம் பேசினாங்க. நடுவுல ஒரு தடவை நிறுத்தி, "இது யாருக்கும் போகாதுல்ல?"ன்னு கேட்டாங்க.