ஓர்மாரா: மீனவர் ஊரும் கடற்படைத் தளமும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணத்தில், கராச்சிக்கு மேற்கே சாலை வழியாக ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலோரமான மக்ரான் கரையில் ஓர்மாரா என்றொரு மீனவர் ஊர் இருக்கிறது. முன்னொரு காலத்தில் தீவாக இருந்த ஒரு பெருங்குன்றைக் கடல் ஒதுக்கிய மணல் கரையோடு சேர்த்துவிட்டது. அந்த மணல் திட்டின் மேல்தான் ஊர் அமைந்திருக்கிறது. கிழக்கே ஒரு விரிகுடா, மேற்கே ஒரு விரிகுடா. ஒரு பக்கம் காற்று வலுத்தால் மறுபக்கம் படகை ஒதுக்கலாம்.

இக்கரையைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கி.மு. 325இல் அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸ், சிந்து நதியின் முகத்துவாரத்திலிருந்து புறப்பட்டு இவ்வழியே கப்பல்களை நடத்திச் சென்றார். அவருடைய குறிப்புகளைப் பின்னாளில் எடுத்தாண்ட கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன், இங்கு வாழ்ந்தோரை மீனுண்போர் என்றே அழைக்கிறார். அவர்கள் மீனை வெயிலில் காயவைத்து, இடித்து மாவாக்கி, ரொட்டி சுட்டனர்; கரை ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புகளைக் கொண்டு வீடு கட்டினர்; புல் கிடைக்காமையால் ஆடுகளும் மீனைத் தின்றன, அவற்றின் இறைச்சியிலும் மீன் வாடை அடித்தது. கருவாடு காயும் களத்தருகே நடந்திருக்கும் நேயர்களுக்கு இந்த வாடையை நான் விளக்க வேண்டியதில்லை. மீன்தான் அங்கே சோறு, மீன்தான் கூரை. படையும் தளமும் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே இக்கரை மீனை நம்பியது என்பதை மீண்டும் சொல்ல விரும்புகிறேன்.

தளம் வந்ததற்குக் காரணம் போர். 1971 டிசம்பரில் இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கியபோது, கப்பல்கள் அனைத்தையும் ஒரே துறைமுகத்தில் வைத்திருப்பதன் ஆபத்து பாகிஸ்தானுக்குத் தெளிவாகப் புலப்பட்டது. ஓர்மாராவில் ஜின்னா கடற்படைத் தளம் 2000இல் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து கராச்சியையும் மேற்கே உள்ள துறைமுக நகரான குவாதரையும் இணைக்கும் நெடுஞ்சாலையும், மருத்துவமனையும், பள்ளியும் வந்தன. இவை மெய்யான நன்மைகள். இவற்றைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆயினும் மீனவருக்கு முதல் தேவை, தடையின்றிக் கடலுக்குப் போய்வருவதும் போனால் மீன் கிடைப்பதும் ஆகும். ஓர்மாரா அடங்கிய குவாதர் மாவட்டத்தில் 2021இன் இறுதியில் மக்கள் வாரக்கணக்கில் போராடியபோது, பெருவலைகளை இழுத்து மீன்பிடிக்க வெளியிலிருந்து வரும் இழுவைப் படகுகளைத் தடுக்க வேண்டும், சோதனைச் சாவடிகளைக் குறைக்க வேண்டும் என்பவை முதன்மையான கோரிக்கைகளாக இருந்தன. கடலைக் காக்கும் படை அருகிலேயே இருக்கையில், இழுவைப் படகுகளைத் தடுக்கும் கோரிக்கை நிறைவேற்ற முடியாததன்று என்பது என் உறுதியான கருத்து.

நேரம் குறைந்துவருவதால் 1945ஆம் ஆண்டை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவ்வாண்டு நவம்பர் 28 அதிகாலையில் மக்ரான் கடலடியில் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தால் கடற்கோள், அதாவது சுனாமி, எழுந்து, இதே கரையிலுள்ள பஸ்னி என்னும் ஊரையும் ஓர்மாராவையும் தாக்கியது. ஓர்மாராவில் கரைநிலம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயர்ந்தது. அலைதாங்கிச் சுவரும் படகுத்துறையும் கட்டுவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். பச்சை ஆமைகள் முட்டையிடும் ஓர்மாராக் கடற்கரை 2001இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதைப் பற்றி விரிவாகப் பேச இன்று நேரம் இடந்தரவில்லை. வணக்கம்.